மக்லூஃப் சிரித்தாரா?

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பெரிய பொய் இல்லை, நாலே எழுத்து.

போன டிசம்பர். மக்லூஃப் அஸூலாய் இறந்து மூன்றாம் நாள். துக்க வீட்டில், யூத வழக்கப்படி குட்டைக்கால் நாற்காலியில், நெஞ்சுப் பக்கம் கிழித்துவிட்ட சட்டையோடு அவருடைய மகன் நப்தலி உட்கார்ந்திருந்தான். வந்தவர்கள் அவித்த முட்டையும் ஆலிவும் சாப்பிட்டுவிட்டு, ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டான்.

"எஸ்தர் அக்கா, கடைசி நாள்ல அப்பா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"இல்லையே."

சொல்லியிருந்தார். ஒரே ஒரு வாக்கியம். அதைக் கேட்ட ஒரே ஆள் நான். அதை நான் விழுங்கியதற்கும், ஊரறிந்த ஒரு பாடகன் ஆறு மாதமாக வாயைத் திறக்காமல் இருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் கதை.

நான் அந்த வீட்டில் நாலரை வருஷம் மக்லூஃபைப் பார்த்துக்கொண்டவள். எருசலேமில் மொத்தம் பதினாறு வருஷம். குளிப்பாட்டுவேன், மாத்திரை கொடுப்பேன், மிச்ச நேரத்தில் ஃபோனில் கட்டைவிரலால் தொடர்கதை அடித்து ஊரில் ஒரு வார இதழுக்கு அனுப்புவேன். [இங்கே என்னைப் பற்றி இன்னும் ஆறு வரி இருந்தது. வெட்டிவிட்டேன். ஹீரோ நானில்லை.]

2

எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

முதல் வரைவு: "டும்… ட்ஸ்… டும்-டும்… ட்ஸ்! இருட்டிலிருந்து வந்தது அந்தச் சத்தம். துப்பாக்கியா? இல்லை. ஒரு மனிதனின் வாய்!"

வேண்டாம். பழக்க தோஷம். வியாழக்கிழமை தோறும் பெட்டிக்கடை வாசலில் வார இதழுக்குக் காத்துக் கிடந்து வளர்ந்தால், ஒருவன் தும்மினால்கூடக் கொலை என்று எழுத வரும்.

இரண்டாம் வரைவு: "நப்தலி அஸூலாய், வயது முப்பத்தெட்டு. ஜமைக்காவின் ரெகே தாளத்தையும் தெருவில் பிறந்த ஹிப்-ஹாப் வேகத்தையும் வேதத்தில் வரும் தாவீதின் துதிப்பாடல்களான சங்கீதங்களோடு கலந்து…"

இது நோட்டீஸ். ஆனால் தகவல் சரி, அதனால் அடிக்காமல் விடுகிறேன்.

மூன்றாவதுதான் பிடித்திருக்கிறது. ராணுவத்திலிருந்து வந்த கையோடு, இருபத்திரண்டு வயதில், வேதப் பள்ளியில் போய்ச் சேர்ந்தான் நப்தலி. தலையில் சடைக்கொத்து, தோளில் கிடார். பஸ்கா பண்டிகையோடு நாள் எண்ணும் துக்க வாரங்கள் தொடங்கும். முப்பத்துமூன்று நாள் வாத்தியச் சத்தமே கேட்கக்கூடாது. கிடாரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். நாலாம் நாளே பையன் அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"தடை வாத்தியத்துக்குத்தானே?" என்று ஆசிரியரைக் கேட்டானாம்.

"ஆமா."

"வாய் வாத்தியமா?"

அன்று மதியமே சாப்பாட்டுக் கூடத்தில் உதட்டாலும் தொண்டையாலும் முழு டிரம்ஸையும் அடித்தான். மேலே சங்கீதம் நூற்றிருபத்தொன்றைப் பாட்டாகவும் பேச்சாகவும் ஓட்டினான். எவனோ ஃபோனில் பிடித்தான். முப்பத்துமூன்றாம் நாள் அலமாரியைத் திறந்தபோது நாடு முழுக்க அந்த வாயைக் கேட்டிருந்தது.

அப்புறம் மூன்று ஆல்பம். பெர்லின், லண்டன், கடைசியில் கிங்ஸ்டன். ரெகே பிறந்த அந்த ஊரில் ஒரு கிழவர் அவன் கையைப் பிடித்து எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டாராம். எருசலேமின் வேதப் பெயரைச் சொல்லி, "சீயோனிலிருந்து" என்றானாம். காலமெல்லாம் சீயோனுக்குப் போவோம் என்று பாடிய மனிதர், கட்டிப்பிடித்து அழுதுவிட்டாராம்.

திரும்பி வந்து இதைச் சொன்னபோது நான் அறையில் இருந்தேன். மக்லூஃப் முழுசாகக் கேட்டுவிட்டு, "சீயோன்ல நம்ம வீட்டுக் குழாய்ல மூணு நாளா தண்ணி வரலன்னு அவன்கிட்ட சொன்னியா?" என்றார்.

நப்தலி எழுந்து வெளியே போய்விட்டான். அப்பா திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டான்.*

* திட்டவில்லை. மக்லூஃப் முப்பத்தோரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். முன்னால் பார்த்தபடியே பின்னால் இருப்பவர்களோடு பேசிப் பழகியவர். கேலிக்கும் கோபத்துக்கும் ஒரே குரல்தான். எது எது என்று தெரிய, மேலே தொங்கும் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கேலி என்றால் இடது கடைவாய் அரை விரற்கடை மேலே போகும். அதுதான் அவர் சிரிப்பு. அன்று நான் பார்த்தேன், மேலே போயிற்று.

3

இனி அந்த வாக்கியம்.

இறப்பதற்குப் பதினொரு நாள் முன்பு, காலை பத்து மணி. பருப்பு சூப் ஆறிக்கொண்டிருந்தது. வானொலியில் யாரோ வாயால் தாளம் போட்டார்கள். நப்தலிதான். நான் அணைக்க எழுந்தேன், அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். சரி என்று உட்கார்ந்து ஃபோனை எடுத்துக்கொண்டேன். கரண்டி கிண்ணத்தின் விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தது; கை நடுக்கம் அவருக்கு. பாட்டு முடிந்தது. அப்போது சொன்னார்:

"நான் செத்தா ஒரு வருஷமாவது இவன் வாய மூடுவான்."

சொல்லிவிட்டு அவர்

[இந்த வாக்கியம் பாதியில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். பிறகு வருகிறேன்.]

"உப்பு பத்தல, மகளே" என்றார் அடுத்து.

இதைத்தான் துக்க வீட்டில் விழுங்கினேன். நீங்களே சொல்லுங்கள், கிழித்த சட்டையோடு உட்கார்ந்திருப்பவனிடம் இதை எப்படிச் சொல்வது?

4

அப்பா அம்மா போனால் இவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் துக்கம். அதில் பாட்டு கூடாது. நப்தலி தினமும் ஜெபாலயத்துக்குப் போய் இறந்தவருக்கான ஜெபத்தைச் சொன்னான். வாய் அதற்கு மட்டும் திறந்தது. ஜூன் மாதம் சந்தைக்குப் பக்கத்து முற்றத்தில் வெள்ளிக்கிழமை மதியக் கச்சேரி ஒன்று, அப்பா இருந்தபோதே ஒப்புக்கொண்டது. பாடலாமா என்று குருவான ரபி அனனியாவிடம் கேட்கப் போனான். டிரம்ஸ் வாசிக்கும் தெஸ்ஃபாஹூன் கூடப் போனான்.

(நான் அங்கே இல்லை. தெஸ்ஃபாஹூன் சொன்னதை எழுதுகிறேன். அவன் கொஞ்சம் கூட்டிச் சொல்வான். நானும்தான்.)

"பொழப்புக்குன்னா தடையில்லப்பா" என்றார் ரபி. "கல்யாணத்துல வாசிக்கிறவனும் துக்க வருஷத்துல வாசிக்கத்தான் செய்றான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. இது எனக்கு வேலை, சந்தோஷம் இல்லன்னு. போய்ப் பாடு."

"அது பொய்யாயிடும், ரபி."

"ஏன், வேலை இல்லையா?"

"வேலைதான். ஆனா மேடை ஏறுன மூணாவது நிமிஷம் சந்தோஷம் வந்துடும். அது வராம எனக்குப் பாடத் தெரியாது."

"ரபி, அதை நான் பாத்துக்கறேன்" என்றான் தெஸ்ஃபாஹூன். "தப்புத் தப்பா வாசிச்சு இவன் வயித்தெரிச்சலைக் கெளப்புறேன். சந்தோஷம் எட்டிக்கூடப் பாக்காது."

"நீ சும்மா இருடா" என்றான் நப்தலி.

"சொல்லித் தொலையேன்டா! குழாய் ரிப்பேர்க்காரன் சொல்ல மாட்டான்? பல் டாக்டர் சொல்ல மாட்டான்?"

"பொய் சொல்லிட்டு மேல ஏறி சங்கீதம் பாடவா?"

ரபி தாடியை நீவிக்கொண்டு யோசித்தார். "இன்னொரு வழி இருக்கு. முதல் மாசம் கழிஞ்சு மிச்சம் இருக்கிற துக்கம் அப்பாவோட மரியாதைக்காக. அது அவர் சொத்து மாதிரி. உயிரோட இருக்கையில அவரே, எனக்கு வேண்டாம், அவன் பாடட்டும்னு விட்டுக் குடுத்திருந்தா உனக்குக் கட்டு இல்ல. அப்படி ஏதாவது சொன்னாரா?"

"எஸ்தர் அக்காவைக் கேட்டேன். இல்லையேன்னுட்டாங்க."

"துக்க வீட்டுல கேட்டா எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. சரி, அந்தம்மா நம்ம ஜனம் இல்ல, சாட்சியா உக்கார வைக்க முடியாது. ஆனா இதுக்காகத்தான்னு தெரியாம, பேச்சுவாக்குல தானா வந்து விழுந்த வார்த்தைன்னா எடுத்துக்கலாம். கேட்டு வாங்கினா செல்லாது, ஞாபகம் வெச்சுக்க."

நப்தலி வீட்டுக்குப் போய்விட்டான். தெஸ்ஃபாஹூன் நேராக நப்தலியின் அக்கா ஜாக்லினிடம் போனான்.

[தெஸ்ஃபாஹூன் இந்தக் கதைக்குத் தேவையா என்று இரண்டு முறை யோசித்தேன். ரெகேக்காரர்களில் பலருக்குச் சீயோன் என்றால் எத்தியோப்பியா, அங்கே போகத் தவிக்கிறவர்கள். இவன் எட்டு வயதில் அங்கிருந்து நடந்தே வந்தவன். "அவங்க போகணும்னு பாடுற ஊரு, எனக்கு முள்ளு குத்தின ஊரு" என்பான். இதற்காகவே விட்டுவைத்தேன். தவிர, இவன் வாய் இல்லாவிட்டால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது.]

5

இந்த ஜனத்தால் எதையும் செய்ய முடியும், பேச்சுவாக்கில் பேசுவதைத் தவிர.

மறுநாள் காலை ஜாக்லின் வந்தாள். நான் இப்போது பக்கத்துக் கட்டடத்தில் மதாம் ஓஹானாவைப் பார்த்துக்கொள்கிறேன். ஜாக்லின் அந்த மூன்று மாடியை லேசில் ஏறுகிறவள் இல்லை. மூச்சு வாங்க, ஒரு தட்டு நிறைய அத்திப்பழத்தோடு நின்றாள்.

"சும்மாதான் வந்தேன், எஸ்தர்."

"உட்காருங்க அக்கா."

"நான் ஒண்ணும் ரபிக்காக வரல."

எனக்கு எந்த ரபி, என்ன விஷயம் என்று ஒன்றும் தெரியாது. "எந்த ரபி, அக்கா?" என்றேன்.

"எந்த ரபியும் இல்லடி! அதான் சொல்றேனே. பேச்சுவாக்குல ஏதாவது பேசுவோமேன்னு…" புதினா டீயை ஊதினாள். "அப்பா இருந்தாரே… நல்ல மனுஷன்… நப்தலி பாடட்டும், எனக்காக ஒண்ணும் நிறுத்த வேண்டாம்னு, அந்த மாதிரி, நீயா, தானா, யாரும் கேக்காம…"

"அக்கா, இப்ப நீங்க கேக்குறீங்களா?"

"ஐயையோ, நான் கேக்கலடி! கேட்டா செல்லாது!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். ரபி, மரியாதை, பேச்சுவாக்கு, வெள்ளிக்கிழமை. கடைசியில் அழுதாள்.

"வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாக்குறான். பிள்ளைங்க பக்கத்துல போனா எழுந்து போயிடறான். அவன் பொண்டாட்டி ஓஸ்நாத் என்கிட்ட ஃபோன்ல அழறா. எம்மா, எஸ்தர்னு பேரு வெச்சிருக்கியே, எங்க ராணி பேரு. அவ எங்க ஜனத்தையே காப்பாத்தினா. நீ ஒருத்தனைக் காப்பாத்தக் கூடாதா?"

சாயங்காலம் தெஸ்ஃபாஹூனின் ஃபோன். "அக்கா, சும்மாதான் போட்டேன். வெயில் எப்படி? ஆங், மக்லூஃப் மாமா பேச்சு வந்துச்சுன்னா…"

"வெச்சுடுறா" என்றேன்.

முன்பே சொல்லியிருந்தால் என் வார்த்தை செல்லியிருக்கும். இப்போது விஷயம் தெரிந்துவிட்டது. என்ன சொன்னாலும் தெரிந்து சொன்னதுதான். ஒரே கோப்பையை மூன்று முறை கழுவினேன்.

6

இந்தப் பகுதியை எழுதத் தயங்குகிறேன். ஆனால் இதை மறைத்தால் நீங்கள் என்னை நம்பக் கூடாது.

வியாழக்கிழமை முழுக்க, மக்லூஃப் சொல்லாத ஒரு வசனத்தை எழுதிப் பார்த்தேன். என் தொழில் அதுதானே? இருபது வருஷமாக இறந்துபோகும் ஆட்களுக்குக் கடைசி வசனம் எழுதுகிறவள்.

ஒன்று: "என் மகன் பாடட்டும். அவன் பாட்டில் நான் வாழ்வேன்." சீ. சினிமா.

இரண்டு: "அவன் பாடுறது எனக்குப் பிடிக்கும் மகளே, சொன்னதில்ல." மக்லூஃப் 'பிடிக்கும்' என்ற வார்த்தையை வெள்ளரிக்காய் ஊறுகாய்க்கு மட்டும்தான் உபயோகித்தார்.

மூன்று: "எனக்காக அவன் ஒரு நாளும் நிறுத்த" … [வரவில்லை.]

நாலு: "நான் செத்தாலும் இவன் கத்துறது நிக்கப் போறதில்ல. கத்தட்டும், விடு."

நாலாவதை வாய்விட்டுப் படித்தேன். அச்சு அசல் மக்லூஃப். அதே எரிச்சல், அதே நடை. 'கத்தட்டும், விடு' என்பதில் ரபி கேட்ட அனுமதி முழுசாக உட்கார்ந்திருக்கிறது. நிஜமாகச் சொன்னதைவிட இதுதான் நிஜம் மாதிரி இருந்தது.

அதனால்தான் பயம் வந்தது. இன்னும் இரண்டு முறை படித்தால், அவர் இதைத்தான் சொன்னார் என்று நானே நம்பிவிடுவேன்.

7

வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு ஐம்பது. ஓய்வுநாளுக்காக அடுப்புத் தட்டில் மதாம் ஓஹானாவின் கொண்டைக்கடலைக் குழம்பை ஏற்றிக்கொண்டிருந்தேன். சூரியன் சாயும் முன் ஊர் சங்கு ஊதும், அதற்குப் பின் யாரும் ஃபோனைத் தொட மாட்டார்கள். கச்சேரி ஒரு மணிக்கு.

ஃபோன் அடித்தது. நப்தலி.

"அக்கா." பின்னால் கூட்டத்தின் இரைச்சல். யாரோ பேஸ் கிடாரைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எல்லாரும் உங்ககிட்ட சும்மா பேச வந்தாங்களாமே."

"வந்தாங்கப்பா."

"நான் சும்மா பேச வரல. ரபி எடுத்துக்குவாரா மாட்டாரான்னும் கேக்கல. எனக்குத் தெரியணும். அன்னிக்கு நீங்க 'இல்லையே'ன்னு சொல்றப்ப என் முகத்தைப் பாக்கல. அப்பா என்ன சொன்னாரு?"

நாலாவது வசனம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. வாயைத் திறந்தேன்.

"நான் செத்தா ஒரு வருஷமாவது இவன் வாய மூடுவான்."

வெளியே வந்தது மற்றது. நிஜமானது. எப்படி என்று கேட்காதீர்கள்.

அந்தப் பக்கம் பேஸ் கிடார் நின்றுவிட்டது.

"தம்பி?"

"ம்."

"நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்…"

"இருங்கக்கா." குரல் தடுமாறியது, அழுகிறானா, வேறு ஏதாவதா, எனக்குப் புரியவில்லை. "எப்ப சொன்னாரு?"

"உன் பாட்டு ரேடியோல ஓடி முடிஞ்சதும்."

"முடிஞ்சதுமா? அதுவரைக்கும் கேட்டாரா?"

"அணைக்கப் போனேன். வேண்டாம்னாரு."

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. சொல்லிட்டு சிரிச்சாரா?"

நான் குழம்புச் சட்டியின் மூடியை நகர்த்தினேன்.

"அவரு சிரிப்பு உங்களுக்குத் தெரியும். அந்தக் கடைவாய். எனக்கு எப்பவுமே முதுகைத்தான் காட்டுவாரு, நீங்க எதிர்ல உக்காந்தவங்க. சிரிச்சிருந்தா, அது என்னைக் கிண்டல் பண்ணிட்டு விட்டுக் குடுத்தது. நான் போய் முழுசாப் பாடுறேன். சிரிக்கலன்னா, அது அவரு கடைசி ஆசை. மைக்கை வெச்சுட்டு வீட்டுக்குப் போறேன், அதுவும் எனக்கு சம்மதம்தான். நடுவுல நிக்கத்தான் முடியல. சொல்லுங்க. சிரிச்சாரா?"

8

வார இதழுக்கு எழுதினால் முடிவு சுலபம். "சிரிச்சாருப்பா" என்கிறேன். அவன் மேடைக்கு ஓடுகிறான். உதட்டிலிருந்து முதல் 'டும்' வெடிக்கிறது. முற்றம் அதிர்கிறது. ஜாக்லின் கையை மேலே தூக்கிக் குலவையிடுகிறாள். அட்டகாசம்.

இலக்கியப் பத்திரிகைக்கு என்றால் "சிரிக்கலப்பா." அவன் படியிறங்கி, கூட்டத்துக்குள் புகுந்து, காய்கறிக் கூடைகளுக்கு நடுவே நடந்து போகிறான். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டுமே செல்லாது. ஏனென்றால் பகுதி மூன்றில் பாதியில் விட்ட அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியாது.

சொல்லிவிட்டு அவர் என்ன செய்தார் என்று நான் பார்க்கவில்லை.

தலை குனிந்திருந்தது. மடியில் ஃபோன். என் தொடரில் அந்த நேரம் இன்ஸ்பெக்டர் ஒரு கதவைத் திறந்துகொண்டிருந்தார். உள்ளே பிணம் இருக்கிறதா இல்லையா என்று ஊரே காத்திருக்க வேண்டிய இடம். மக்லூஃப் பேசியது காதில் விழுந்தது. நிமிரவில்லை. இந்த வரியை முடித்துவிட்டு நிமிரலாம் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது உப்பு கேட்டுக்கொண்டிருந்தார். முகம் சாதாரணமாக இருந்தது. நாலரை வருஷம் எதிரே உட்கார்ந்திருந்தும், அந்த ஒரு நொடி நான் பேருந்தின் பின் இருக்கையில் இருந்தேன்.

கரண்டிச் சத்தம் ஞாபகம் இருக்கிறது. டக்… டக்-டக்… அது தாளமா நடுக்கமா? இப்போது நினைத்தால் தாளமாகத்தான் கேட்கிறது. ஆனால் என் காதையும் நான் நம்புவதில்லை. நாலாவது வசனம் எழுதிய காது அது.

மணி பன்னிரண்டு ஐம்பத்தாறு. குழம்பு கொதிக்கிறது. அவன் இன்னும் லைனில் இருக்கிறான், மூச்சு கேட்கிறது. தெஸ்ஃபாஹூன் பின்னாலிருந்து "டேய், கூப்பிடறாங்கடா" என்கிறான். நப்தலி எனக்காகக் காத்திருக்கிறான்.

பகுதி மூன்றுக்குத் திரும்பிப் போங்கள். காலை பத்து மணி, பருப்பு சூப், ஓய்ந்துபோன ரேடியோ. அந்த அறையில் நான் மட்டும் இல்லை, நீங்களும் இருந்தீர்கள். குனிந்திருந்தது என் தலைதான், உங்களுடையது இல்லை. அவர் அதைச் சொன்னபோது நீங்கள் ஒரு முகத்தைப் பார்த்தீர்கள்.

இடது கடைவாய். சீக்கிரம் சொல்லுங்கள், பையன் காத்திருக்கிறான்.